இடது கன்னம் பதிந்த வில்

அந்த வில்லை அலேபா முதன்முதலாகக் கையில் எடுத்தபோது அதன் தண்டு ஈரமாக இருந்தது என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். இப்போது யோசித்தால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடத்து மழையில் ஈரமாக இல்லாதது எது? அவன் சொன்னது ஒன்றாகவும் என் நினைவில் தங்கியது வேறாகவும் இருக்கலாம். ஆனால் தண்டின் இடது பக்கத்தில் இருந்த பள்ளத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

சிப்பாய்கள் வந்து மலையில் இருந்த துப்பாக்கிகளையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். அலேபா கீழ்ச் சரிவு ஊரிலிருந்து வந்து எங்கள் ஊரில் பெண்ணெடுத்து, இங்கேயே குடிவைக்கப்பட்டவன். துப்பாக்கியோடு வளர்ந்தவன், துப்பாக்கிபோலவே தண்டைக் கன்னத்தில் வைத்துக் குறிபார்க்கிற குறுக்குவில்லை அவன் தொட்டதே இல்லை. மனைவி அசாமாவுக்கு ஏழாம் மாதம். முந்தின மழையில் வயிற்றில் இருந்ததை இழந்தவள், இந்த முறையும் சோளக் கஞ்சியும் ஊறிய கடுகுக்கீரையும் தின்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாமனார் வந்து பார்த்துவிட்டு அடுப்பருகே புகையிலையைத் துப்பினார்.

"துப்பாக்கி போனதும் மாப்பிள்ளைக்குக் கையும் போயிடுச்சா? அடுத்த அமாவாசைக்குள்ள இந்த அடுப்பு மேல கறி தொங்கல, என் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவேன். பிள்ளை என் வீட்டுல பிறக்கும். என் பேரைச் சொல்லும்."

"அப்பா, விடு," என்றாள் அசாமா. அவர் விடவில்லை. போகும்போது நாயையும் கூப்பிட்டுப் பார்த்தார்.

சந்தைக்குப் போகும் பாதையில், மூங்கில் தோப்பு முடியும் இடத்தில் வில் செதுக்குகிற அவூபாவின் கொட்டகை. கூரையிலிருந்து வில்கள் தலைகீழாகத் தொங்கின. நார் நாணின் பச்சை வாசனையும், தேன்மெழுகின் வாசனையும், மூலையில் அம்பு முனைக்காக வேகிற விஷக்கிழங்கின் நாக்கைச் சுண்டும் கசப்பும் சேர்ந்து, வெளியே மூடுபனி அசையாமல் நிற்க, உள்ளே மூச்சுவிடும்போதெல்லாம் யாரோ பயன்படுத்தி முடித்த காற்றை வாங்கி இழுப்பதுபோல அலேபாவுக்கு இருந்தது.

"வா மாப்பிள்ளை! முத வில்லா? பொண்டாட்டி தேடுற மாதிரிதான் இதுவும். அழகைப் பார்த்து எடுத்தா ஆயுசுக்கும் முதுகுவலி," என்று சிரித்தான் அவூபா.

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். வில்லைத் தரையில் ஊன்றி, பாதத்தால் மிதித்து, இரண்டு கையாலும் நாணை இழுத்து எலும்பு விசையில் மாட்ட வேண்டும். ஒன்று மிகவும் கெட்டி. இழுத்தபோது இடுப்பில் ஏதோ பிசகியது. ஒன்று மிகவும் இளசு. மரம் இன்னும் காயவில்லை. இன்னொன்று கைக்கு அடங்கியது, ஆனால் கன்னத்தில் வைத்தபோது தண்டின் விளிம்பு எலும்பில் அறுத்தது. அலேபா இடதுகைக்காரன். எங்கள் மலையில் அப்படி ஆட்கள் குறைவு. செதுக்குகிறவர்கள் வலது கன்னத்தை நினைத்தே செதுக்குவார்கள்.

பின்சுவரில், சாக்குக்குப் பின்னால், ஒன்று இருந்தது. நாண் இல்லாமல்.

"அது வேணாம்," என்றான் அவூபா. கொஞ்சம் நிறுத்தி, "எடுத்துத்தான் பாரேன்," என்றான்.

கறுத்த தண்டு, காட்டு முசுக்கொட்டையில் வளைத்த வில். அலேபா அதைத் தூக்கி இடது கன்னத்தில் வைத்தான். கன்னம் உள்ளே போய் உட்கார்ந்தது. அவன் தாடைக்கென்றே யாரோ பல வருடம் உட்கார்ந்து தேய்த்ததுபோல் ஒரு பள்ளம். மெழுகு புதிதாகப் பூசப்பட்டிருந்தது. மெழுகுக்கு அடியில் மண்வாசனை.

"புது வில்லுல எப்படிண்ணே கன்னக் குழி?"

"மரத்துல முடிச்சு. இழைக்கும்போது பள்ளம் விழுந்துடுச்சு."

"சடங்கு ரத்தம் பூசின இடத்தைச் சுரண்டின மாதிரி இருக்கே."

அவூபா நாணைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஊருக்கு வந்த மாப்பிள்ளை பழைய வில்லோட போய் நின்னா மாமனார் சும்மா விடுவாரா? புதுசுன்னு சொல்லிக்கோ. யார் கேக்கப் போறாங்க?"

பழையதுதான் என்று அலேபாவுக்குத் தெரிந்தது. யாரோ ஏழை கஷ்டத்துக்கு விற்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கன்னத்தில் அந்தப் பள்ளத்தின் குளிர்ச்சி வீடுவரை கூடவே வந்தது.

அன்று மாலையே சேவல் அறுத்தார்கள். இன்னொருவன் கை பட்ட வில் என்றால் அவன் பெயரைச் சொல்லி, சாராயம் ஊற்றி, விடைகேட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புது வில்லுக்கு அது கிடையாது.

"புதுசுதானே?" என்று மாமனார் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசுதான் மாமா."

முன்னோர் பலகைக்கு முன்னால் நின்று, சேவல் ரத்தத்தைத் தண்டில் பூசி, அதில் இறகை ஒட்டவைத்து, அலேபா புது வில்லுக்கான வார்த்தைகளைச் சொன்னான். இந்த வில்லுக்கு உடையவன் எவனோ அவனே இந்த அடுப்புக்கு உடையவன். அவன் கொண்டுவருவது இந்த வீட்டுச் சோறு. இவள் அவனுடையவள். இவளிடம் பிறப்பது அவனுடையது.

அடுப்பில் தீ ஒருமுறை படுத்து எழுந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது. நாய் எழுந்து வாசலைப் பார்த்து வாலை ஆட்டியது. ஆட்டிக்கொண்டே, யாரையோ உள்ளே கூட்டிவருவதுபோல, வீட்டுக்காரன் உட்காருகிற அடுப்பின் தலைமாட்டுவரை நடந்து வந்து படுத்துக்கொண்டது.

முதல் நாளே கேளையாடு விழுந்தது. அலேபா ஒழுங்காகக் குறிபார்க்கக்கூட இல்லை. அது ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபடி நின்றது. அவனைப் பார்க்கவில்லை, அவன் தோளுக்குச் சற்று இடப்பக்கம், பின்னால் எதையோ பார்த்தது. மறுநாள் முள்ளம்பன்றி. அதுவும் அதே இடத்தைத்தான் பார்த்தது. திரும்பிப் பார்த்தால் ஈர மூங்கில், பனி. அங்கே யாரோ மிதித்த புல் நிமிர்ந்துகொண்டிருந்தது.

அடுப்புக்கு மேல் கறி தொங்கியது. மாமனார் சாராயத்தோடு வந்து, "மாப்பிள்ளைக்குக் கை முளைச்சிடுச்சுடி!" என்று தொடையைத் தட்டினார். அசாமாவின் கன்னம் மேடிட்டது; சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். அலேபாவுக்கு மட்டும் அந்தக் கறி வாயில் மண்ணாக இருந்தது. மென்றால் பல்லில் நறநறத்தது. அவள் சந்தோஷமாகத் தின்பதைப் பார்த்து அவனும் விழுங்கினான்.

ஒரு மாலை, வெளியே கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது, அடுப்பின் தலைமாட்டில் ஒரு கிண்ணம் காலியாக இருந்தது. எலும்புகள் சுத்தமாக உறிஞ்சப்பட்டுக் கிடந்தன.

"யாரு வந்தா?"

"என்ன கேள்வி இது? இப்பதானே அங்க உக்காந்து தின்ன. இன்னும் வேணுமா?"

சிரித்தபடிதான் கேட்டாள்.

அதன்பிறகு சத்தம். வில்லைச் சுவரில் மாட்டும்போது நாணைத் தளர்த்தித்தான் மாட்டுவான். ஏற்றியே வைத்தால் மரம் செத்துவிடும். ஆனால் ஒவ்வொரு மாலையும், மழை ஓய்ந்து கூரை சொட்டுகிற அந்த இடைவெளியில், மரம் முனகும். கிர்ர்ர். யாரோ பாதம் ஊன்றி, அவசரமில்லாமல் இழுப்பதுபோல. போய்ப் பார்த்தால் நாண் விசையில் ஏறியிருக்கும். கன்னக் குழியில் ஈரம். தொட்டால் வியர்வையின் வழுவழுப்பு.

சோளத்தைப் பன்றி தின்கிறது என்று ஓர் இரவு காட்டுக் குடிசையில் காவல் படுத்துவிட்டு விடியலில் வந்தான். அசாமா பாயில் படுத்தபடியே அவன் முகத்தைத் தொட்டாள்.

"இப்ப சூடா இருக்கு. ராத்திரி பூரா உன் கன்னம் ஏன்யா அப்படி ஜில்லுன்னு இருந்துச்சு? பிள்ளை நடுங்கிடுச்சு."

அவன் நேராக அவூபாவின் கொட்டகைக்குப் போனான். வில்லைத் தரையில் போட்டான்.

"யாரோடது?"

அவூபா இன்று சிரிக்கவில்லை. "ஆத்துக்கு அந்தப் பக்கம் காலியாப் போன ஊரு. இடுகாட்டுக் கம்பத்துல தொங்கிட்டு இருந்துச்சு. மழையில கெட்டுப்போகுதேன்னு எடுத்தேன்."

செத்தவனின் வில்லை அவன் புதைகுழி மேல் கம்பத்தில் தொங்கவிட்டு நாணை அறுத்துவிடுவார்கள். இங்கே அறுந்தது செத்தவர் உலகத்தில் முழுசாக இருக்கும். அது அவனுடைய வேட்டைக்கு.

"பேரு?"

"பேரு சொல்ல அங்க யாரு இருக்கா?" அவூபாவின் கண் தண்டில் ஒட்டியிருந்த இறகில் நின்றது. முகம் வெளுத்தது. "அடப்பாவி, ரத்தம் பூசிட்டியா? புது வில்லு வார்த்தையைச் சொல்லிட்டியா?"

"நீதானே புதுசுன்னு சொல்லச் சொன்ன!"

"மாமனார்கிட்ட சொல்லச் சொன்னேன்டா. முன்னோர்கிட்டயா சொல்லச் சொன்னேன்?"

வார்த்தையைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று அலேபா கேட்டான். அவூபா விஷக்கிழங்குப் பானையைக் கிளறிக்கொண்டே இருந்தான். நிமிரவில்லை.

ஆறு நிறைந்து ஓடியது. இடுப்பளவு நீரில் இறங்கி அக்கரை போனான். இடுகாட்டில் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ஒன்று மட்டும் நேராக நின்றது. அதன் கீழே மண் உள்வாங்கியிருந்தது. ஆள் படுத்து எழுந்த பாய்போல ஒரு பள்ளம். அலேபா வில்லை மாட்டினான். நாணை அறுத்தான். சாராயம் ஊற்றினான். பெயர் தெரியாதவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "ஐயா, எடுத்துக்கோங்க. என்னை விட்டுடுங்க," என்றான். மழை மட்டும் பேசியது. அவன் ஓட்டமாகத் திரும்பினான்.

ஊருக்குள் நுழையும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. வீட்டிலிருந்து கறி வேகும் வாசனை வந்தது. அவனுக்கு வாயில் நீர் ஊறியது. முதன்முறையாக அதில் மண் இல்லை. முடிந்தது என்று நினைத்தான்.

நாய் குரைத்தது.

அவனைப் பார்த்துக் குரைத்தது. பல்லைக் காட்டியது.

"டேய், நான்தான்டா."

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான்.

"யாரு?" அசாமாவின் குரல்.

"நான்தான். திற."

"நான்தான்னா யாரு?"

"அலேபா! உன் புருஷன்!"

தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு:

"வீட்டுக்காரரு சாப்பிட்டுட்டு இருக்காரு. காலையில வாங்க."

மூங்கில் தட்டியில் கண்ணை வைத்தான். அடுப்பு. தீ. அவள் கிண்ணத்தை நீட்டுகிறாள். அடுப்பின் தலைமாட்டில் ஒரு முதுகு. முதுகெல்லாம் ஈர மண். இடது கை நீண்டு கிண்ணத்தை வாங்குகிறது. மடியில் வில். நாண் முழுசாக.

அவள் வயிற்றைத் தொட்டுச் சிரிக்கிறாள். "பாருங்க, உதைக்கிறான்."

அந்த முதுகு கிண்ணத்தைக் கீழே வைத்தது. மெதுவாக. பாதம் ஊன்றியது.

கிர்ர்ர்.

தண்டு உயர்ந்தது. இடது கன்னத்துக்கு. தட்டியின் இடுக்கை நோக்கி.

அலேபா அந்த மழை முடியும்வரை சோளக் காட்டுக் குடிசையில் கிடந்தான். வழியில் போகிறவர்களிடம் இதைச் சொல்வான். கேட்டவர்களில் நானும் ஒருவன். ஊருக்குள் யாருக்கும் அவன் முகம் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அறுவடைக்குப் போனபோது குடிசை காலி. அக்கரை இடுகாட்டுக்கு அவனைத் தேடிப் போனவர்கள் கம்பத்தில் வில் எதையும் பார்க்கவில்லை. கீழே பள்ளம் மூடி, புதிதாக ஆளைப் புதைத்ததுபோல மண் மேடிட்டிருந்தது. அவூபா கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டு வடக்கே போய்விட்டான். மாமனார் அந்தக் குளிர்காலத்தில் இறந்தார். அவர் வில்லைக் குழிமேல் தொங்கவிட்டு நாணை அறுத்தது நான்தான். பிறகு மகள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோதுதான், அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த வில்லின் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

அசாமா நன்றாக இருக்கிறாள். பையன் பிறந்து நடக்கிறான், இடதுகைக்காரன். நம்மிடம் பேசும்போது அவன் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, தோளுக்குச் சற்றுப் பின்னால் பார்க்கிறான். அவர்கள் வீட்டுக் கூரையோரத்தில் எந்த நாளிலும் புதுக் கறி உலர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டிலிருந்து வேட்டைக்குப் போகிற ஆளை இதுவரை யாரும் பார்த்ததில்லை.