ஒன்பது ஆண்டு கீழே

காலை பத்து மணிக்கு அந்த மாடியில் இருந்த முப்பத்தொரு பேரும் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தி, தங்கள் வாழ்க்கையில் சில ஆண்டுகளை மறந்தார்கள். சிலருக்கு இரண்டு ஆண்டு, சிலருக்கு ஐந்து. போன மாதம் கல்யாணமான ஒருவர் தினமும் பத்து மணிக்குப் பிரம்மச்சாரியாகி, நாலு மணிக்கு மறுபடி புருஷனாகிக்கொண்டிருந்தார். டிபன் டப்பாவை அலமாரியில் வைப்பதுபோல் அதுவும் ஒரு வேலை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஓசூர் காப்புரிமைத் தேர்வகத்தில் அதற்கு இறக்கம் என்று பெயர். ஒரு கண்டுபிடிப்பைப் பார்த்து முடித்த பிறகு, "இதென்ன பெரிய விஷயம், எனக்கே தோணியிருக்குமே" என்று சொல்லாத மனிதர் உலகத்தில் இல்லை. விண்ணப்பம் வந்த தேதியில் என்ன தெரியுமோ அது மட்டும் தெரிந்த மண்டையோடு படித்தால்தான் ஒன்று புதிதா இல்லையா என்று நியாயமாகச் சொல்ல முடியும். அதனால் தேர்வாளர்களின் காதுக்குப் பின்னால் பதித்திருந்த நினைவுத்தகடு, அந்தத் தேதிக்குப் பிறகு அவர்கள் வாழ்ந்த நாட்களைப் பூட்டிவிடும். தொழிலறிவை மட்டும் அந்தத் தேதி வரைக்கும் நூலகத்திலிருந்து நிரப்பிவிடும். நாலு மணிக்கு மேலே வரும்போது, கீழே இருந்த நேரம் உட்பட எல்லாம் திரும்பக் கிடைக்கும். இறங்கியவர்கள் மிரண்டுவிடாமல் இருக்க மேசையில் ஓர் அட்டை இருக்கும்: "பயப்பட வேண்டாம். நீங்கள் இங்கே வேலை பார்க்கிறீர்கள். சாப்பாடு ஒன்றரை மணிக்கு." இதைத் தவிர தனக்குத்தானே வேறு சீட்டு எழுதி வைத்துக்கொள்வது வேலை போகிற குற்றம்.

பூவிழிக்கு இருபத்தெட்டு வயது. மூன்று ஆண்டுகள் திரைப் பிரிவில் இருந்துவிட்டு, அன்றுதான் கணினி நினைவுச்சில்லு இடைமுகப் பிரிவுக்கு மாறி வந்திருந்தாள். திரைப் பிரிவில் இரண்டு ஆண்டு இறங்கினால் போதும். இங்கே விண்ணப்பங்கள் ஒன்பது ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தன. பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள எந்திரம் வந்தும், கோப்பு தூங்குவது நிற்கவில்லை.

பத்து மணிக்கு அவளுக்குப் பத்தொன்பது வயதாயிற்று. அட்டையைப் படித்தாள். பரவாயில்லையே, வேலை கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள். பிறகு ஏழ்கடல் நுண்சில்லகத்தின் விண்ணப்பத்தைப் பிரித்தாள்.

நினைவுச்சில்லையும் அதை வேலை வாங்கும் தலைமைச்சில்லையும் சேர்த்து வைப்பது இடைமுகம். கம்பியில் தரவு ஓடிவரும்போது, "இப்போது எடுத்துக்கொள்" என்று தாளம்போல் ஒரு துடிப்பும் கூடவே வரும். தாளம் தப்பினால் தரவு குப்பை. வெவ்வேறு ஆலையில் வெவ்வேறு காலத்தில் செய்த சில்லுகளை ஒரே பலகையில் போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும், தாளம் தப்பும். ஏழ்கடல் ஒரு வழி சொன்னது: இருப்பதிலேயே மந்தமான சில்லின் துடிப்பை எடுத்து, செப்பிழையில் சுற்றித் தாமதப்படுத்தி, அதையே எல்லாச் சில்லுக்கும் தாளமாக்க வேண்டும். இழையின் நீளம் பத்தொன்பது மில்லிமீட்டரின் மடங்காக இருக்க வேண்டும். ஏன் பத்தொன்பது என்று நூற்று நாற்பது பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை.

பூவிழிக்குத் தெரியும். பத்தொன்பது மில்லிமீட்டர் என்பது அவளுடைய அம்மா ராக்கம்மாவின் ஒரு விரற்கடை.

ஊருக்குத் தெற்கே, செத்துப்போன கணினிப் பலகைகளைக் கொட்டுகிற இடத்துக்குப் பலகைமேடு என்று பெயர். அங்கே தகரக் கொட்டகைகளில் சூடுகாற்றுக் குழாயை வைத்துச் சில்லு உரிப்பார்கள். உரித்ததில் உயிருள்ளதைப் பொறுக்கி, எந்தக் கம்பெனிச் சில்லானாலும் ஒரே பலகையில் பொருத்தி ஓட வைப்பார்கள். பள்ளிக்கூடங்களும் சின்ன ஆஸ்பத்திரிகளும் அந்தக் கலவைப் பலகைகளில்தான் ஓடின. தாளத்தை இழுத்துப் பிடிக்க இழை சுற்றும் வித்தை ராக்கம்மாவின் கையில் வந்தது. அளவுகோல் இல்லாததால் விரலால் அளந்தாள்.

பத்தொன்பது வயதுப் பூவிழி சிரித்துக்கொண்டே அறிக்கை எழுதினாள்.

"இது புதிதல்ல. என் அம்மா ராக்கம்மா இதைத் தினமும் செய்கிறார். பலகைமேடு, மூன்றாம் வரிசை, பதினோராம் கொட்டகை. நாலு விரற்கடை அளந்து ஊசியில் சுற்றுவார். நான்தான் டார்ச் பிடிப்பேன். ஏழ்கடல் ஆள் ஒருத்தர் போன மாதம் எங்களிடம் பத்துப் பலகை வாங்கிப் போனார். சந்தேகமிருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளவும்."

நாலு மணிக்கு அவள் மேலே வந்தாள். தன் கையெழுத்தைத் தானே படித்தாள். சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள், இப்போது அவளுக்குப் பிரிவுத் தலைவியாகியிருக்கும் ஆனந்தவல்லி கேட்டிருந்தார்: "சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்?" இந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அப்பா இல்லை, அம்மா கணக்கு டீச்சர் என்று பூவிழி சொன்னாள். அந்த டீச்சரைப் பிறகு அவளே வளர்த்தாள். டீச்சருக்குச் சர்க்கரை வந்தது, டீச்சர் ரிடையர் ஆனார், பிரிவு உபசார விழாவில் டீச்சருக்கு வெள்ளி விளக்கு கொடுத்தார்கள்.

இப்போது நாலரை மணிக்கு எல்லா அறிக்கைகளையும் கூடத்தில் உரக்கப் படிப்பார்கள்.

ஆனந்தவல்லி காபியோடு வந்தார். "என்ன பூவிழி, நைன் இயர்ஸ் இறங்கினா தலை சுத்தும். எனக்கு அப்ப என் நாய் உயிரோட இருந்தது. மேல வந்ததும் ஒரு அழுகை அழுவேன் பாருங்க. ஏழ்கடல் ஃபைலா? சீக்கிரம் கொடுத்துடுங்க. அந்த மேட்டுக் கும்பல் ஒட்டுப் போட்டு விக்கிறதை இது வந்தாத்தான் நிறுத்த முடியும். அந்த ஜனங்க கை பட்ட சில்லை எங்க வீட்ல உள்ளயே விடமாட்டோம்."

"ஆமா மேடம்," என்றாள் பூவிழி.

அவர் போனதும் பதிவர் வந்தது. பதிவேடுகளைக் காக்கும் எந்திரம் அது. இடுப்புயரம் இருக்கும், பேச்சு மட்டும் பெரிய மனிதர் பேச்சு.

"அறிக்கையில் ஒரு சாட்சி இருக்கிறார். அழைப்பாணை அனுப்பவா?"

"வேணாம். அந்தப் பகுதி பர்சனல். அடிச்சிடுங்க."

"தனிப்பட்டது என்றால் அடிக்கலாம். அடித்தால் மறுப்புக்கு வேறு ஆதாரம் இல்லை. காப்புரிமை வழங்கப்படும். பதினோராம் கொட்டகை இனி அந்த வேலையைச் செய்ய முடியாது."

"தெரியும்."

"கீழே இருந்தபோது பொய் எழுதினீர்களா?"

"இல்ல."

"மேலே வந்தபின் அது பொய்யாகிவிட்டதா?"

"அடிங்கன்னு சொன்னேன்ல."

"குறித்துக்கொள்கிறேன்," என்றது பதிவர்.

மூன்று மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் ராக்கம்மா அழைத்தாள். பூவிழி மாடிப்படிக்குப் போய்ப் பேசினாள்.

"ஏ புள்ள, கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுட்டானுங்க. நாம சுத்துற சுத்து இனிமே ஏழ்கடலுக்குச் சொந்தமாம். அப்ப என் வெரலையும் எழுதி வாங்கிட்டீங்களாய்யான்னு கேட்டேன். சிரிக்கிறான்."

பூவிழி மேல்படியை எட்டிப் பார்த்து, யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"ஆட்சேபணை போட்டிருக்கோம். மூணாந்தேதி உங்க ஆபீசுக்குத்தான் வரச் சொல்லியிருக்கு. அதான் உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"அம்மா, அங்க வந்து என்னைக் கூப்பிடாத."

"கூப்பிடாதன்னா?"

"பேர் சொல்லி. தெரிஞ்ச மாதிரி. யாராச்சும் கேட்டாலும்..."

அந்தப் பக்கம் சூடுகாற்றுக் குழாயின் இரைச்சல்கூட இல்லை. ராக்கம்மா கேட்டாள்: "உங்க ஆபீசுல பெருக்குற நம்ம மேட்டு மஞ்சு சொன்னா, உங்கம்மா கணக்கு டீச்சராம்ல. அவங்க நல்லாருக்காங்களா?"

"அம்மா."

"சரி விடு. யாரு கேட்டாலும் தெரியாதுங்கறேன். சாப்டியா?"

மூன்றாம் தேதிக்குப் பூவிழி விடுப்புக் கேட்டாள். காப்புரிமை கொடுத்த தேர்வாளர் விசாரணையில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குனிந்துகொண்டு ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம் என்று வந்தாள். விசாரணை மன்றத்தில் மூன்று பேர்: ஆனந்தவல்லி, பூவிழி, பக்கத்துப் பிரிவிலிருந்து ஒருவர். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதிவர் அறிவித்தது: விண்ணப்பத் தேதியின் அறிவோடுதான் ஆட்சேபணையையும் கேட்க வேண்டும், மூவரும் இறங்கவும்.

திரைப் பிரிவில் ஒரு விசாரணைகூட நடந்ததில்லை. இப்படி ஒரு விதி இருப்பதே அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராக்கம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். பூவிழியைப் பார்த்ததும், சொன்ன சொல் மாறாமல், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து மணி அடித்தது.

பத்தொன்பது வயதுப் பூவிழி அட்டையைப் படித்து, நிமிர்ந்து, உள்ளே வந்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"அம்மா, என்னம்மா இது, தலை இப்படி நரைச்சுக் கெடக்கு?"

ராக்கம்மா நின்றுவிட்டாள்.

"இவங்க எங்கம்மா," என்று பூவிழி மற்ற இருவரிடமும் சொன்னாள். விண்ணப்பத்தைப் புரட்டினாள். "இதுவா? இது எங்கம்மா சுத்துறது. நான்தான் டார்ச் பிடிப்பேன். இதுல போய் என்ன விசாரணை?"

ஆனந்தவல்லியும் ஒன்பது ஆண்டு கீழேதான் இருந்தார். அவருக்குப் பூவிழி யாரென்றே தெரியாது, கணக்கு டீச்சரையும் தெரியாது. "அப்ப முடிஞ்சது," என்றார். "சாட்சி நம்ம பக்கத்திலயே உக்காந்திருக்கே."

அந்த அறையில் பொய் தெரிந்த மனித உயிர் ராக்கம்மா மட்டும்தான்.

பதிவர் அவளிடம் போனது. "அம்மையீர், தெளிவாகச் சொல்கிறேன். ஆட்சேபணைக்காரர் தனக்குத் தானே சாட்சியாக முடியாது. இந்தத் தேர்வாளர் உங்கள் மகள் என்றால் அவர் சொல்லே போதும். காப்புரிமை விழும், உங்கள் கொட்டகை திறக்கும். மகள் இல்லையென்றால் அவர் அங்கே டார்ச் பிடித்திருக்க முடியாது. ஆட்சேபணை தள்ளுபடியாகும். இவர் உங்கள் மகளா?"

ராக்கம்மா அவளைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை, பக்கத்தில் இரண்டு பெரிய மனிதர்கள்.

"இல்லீங்க."

"அம்மா?"

"இந்தப் புள்ள யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. படிச்ச வீட்டுப் புள்ளயாத் தெரியுது. ஆள் மாறிப் பேசுது."

"ஏம்மா இப்படிப் பேசுற? நான் என்ன தப்புப் பண்ணேன்?" பூவிழி எழுந்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை நீதானே எனக்குத் தலை வாரிவிட்ட. நான் ஏதாச்சும் சண்டை போட்டனா? சொல்லேன்மா."

ராக்கம்மா பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "எழுதிக்கிட்டீங்களா சாமி?" என்று எந்திரத்திடம் கேட்டாள். "நான் போலாங்களா?"

பதிவர் போகலாம் என்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். பூவிழி நாலு மணி வரைக்கும் அழுதாள்.

நாலு மணிக்கு மேலே வந்தபோதும் அந்த அழுகை நிற்கவில்லை. இப்போது அதற்குக் காரணமும் தெரிந்திருந்தது.

நாலரைக்குக் கூடத்தில் முப்பத்தொரு பேர் முன்னால் பதிவர் படித்தது:

"தேர்வாளர் ஆட்சேபணைக்காரரைத் தாய் என்றார். ஆட்சேபணைக்காரர் மறுத்தார். இருவரில் ஒருவர் சொன்னது உண்மையல்ல. இந்தத் தேர்வகத்தின் பதிவுகளைத் தேடினேன். பிள்ளைகள் தங்களைப் பெற்றவர்களை அறிக்கையிலிருந்து அடித்து நீக்கச் சொன்ன இடங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. பெற்றவர் பிள்ளையை நீக்கச் சொன்ன இடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் தாய்மார் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்கிறேன். தேர்வாளர் கூறியது இறக்க மயக்கம். காப்புரிமை நிலைக்கும்."

அந்த நானூற்றுப் பன்னிரண்டு யார் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் மேசையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேலே வந்தபின் திருத்தம் ஏதும் உண்டா?" என்று பதிவர் பூவிழியிடம் கேட்டது.

அதற்குள் ஆனந்தவல்லி முந்திக்கொண்டார். "ஐயோ பாவம், போயும் போயும் அந்தப் பொம்பளையைப் போய் அம்மான்னு கூப்பிட்டிருக்கீங்களே பூவிழி. உங்க டீச்சரம்மா காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க?"

கூடம் நிம்மதியாகச் சிரித்தது. பூவிழியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு எந்திரத்தின் பக்கம் திரும்பி, "இல்லை," என்றாள்.