பம்புக்குக் கீழே ஒரு துளை

“வண்டியத் தொடாதீங்க.”

லாக்லனின் கை ஹாண்டில்பாருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஹோகிடிக்கா ஊருக்குப் போகும் சாலையில் ஒரு பெண் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் அவன் வேனை நிறுத்தினான். உடம்பெல்லாம் நனைந்திருந்தாள். கண்கள் மட்டும் நனையவில்லை... அவ்வளவு கோபம்.

“நான் மெக்கானிக்.”

“வேன்ல பால் பண்ணை மோட்டார் ரிப்பேர்னுல்ல எழுதியிருக்கு?”

“அதுக்குக் கீழ பாருங்க.”

குனிந்து, கையாலேயே சேற்றைத் துடைத்தாள். கீழே மோட்டார்சைக்கிள் என்றும் எழுதியிருந்தது. நிமிர்ந்தபோது முகத்தில் அசடு வழிந்தது. லாக்லன் பார்வையை மாற்றிக்கொண்டான். ஒரு முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று...

இருவருமாக வண்டியை வேனில் ஏற்றினார்கள். அவள் பெயர் ரிபேகா. அராஹுரா பாலத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வருகிறாளாம்.

“ஆயில் பாக்குற கண்ணாடி வெள்ளையாத் தெரிஞ்சுது. உடனே அணைச்சுட்டேன்.”

“அணைச்சது நல்லது.”

“என் கொழுந்தன் டிப்பேனே கிட்ட இதைச் சொல்லுங்க. போன்ல கேட்டதுமே எஞ்சின் செத்துப்போச்சுன்னுட்டான். நாலு மணிக்கு பிக்கப் வண்டி கொண்டு வரான். பிரிச்சு உதிரிக்கு வித்துடலாம்னு.”

“வண்டி அவரோடதா?”

அவள் கண்ணாடியில் ஓடும் வைப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“என் வீட்டுக்காரரோடது. பவோரா. அவர் தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு.”

“சரி” என்றான் லாக்லன்.

அவனுக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. அவள் மூச்சை மெல்ல விட்டாள். இதைக் கேட்டதும் எல்லாரும் நிறையச் சொல்வார்கள். ‘சரி’ என்று மட்டும் சொன்னது இவன்தான்.

ஷெட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. இங்கேயே வரும்படி அவள் கொழுந்தனுக்குச் செய்தி அனுப்பினாள். அவளுக்கு ஒரு கம்பளியும் தேநீரும் கொடுத்துவிட்டு, அவன் ஆயிலைத் தட்டில் இறக்கினான். பால் கலந்ததுபோல் பழுப்பாக, நுரைத்துக்கொண்டு வழிந்தது.

கையிலிருந்த கோப்பையை அவள் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். “ரெண்டும் ஒரே கலர்ல இருக்கு.”

“கோப்பையில இருக்கறது நல்ல டீ.”

“சுமார்தான்.”

சிரித்துவிட்டான். அவளும் சிரிக்கப் பார்த்தாள்... முடியவில்லை.

“நான்தான் கெடுத்தேன், இல்ல? மூணு மாசம் முன்னாடிதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். ஆத்தக் கடக்கறப்ப ரொம்ப முறுக்குவேன், பயத்துல. அவர் பத்து வருஷம் ஓட்டினார். குழந்தை மாதிரி வச்சிருந்தார்.”

“இன்னும் ஒண்ணும் தெரியல. ரேடியேட்டர் தண்ணி குறைஞ்சுதா?”

“ரெண்டு தடவ ஊத்தினேன்.”

அப்படியானால் குளிரில் எஞ்சினுக்குள் வேர்த்த ஈரம் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரேதான் ஆயிலில் கலக்கிறது. மேலே தண்ணீரையும் ஆயிலையும் பிரித்துவைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் செலவு பெரியது. எஞ்சினின் உலோகக் கூடே விரிசல் விட்டிருந்தால் அந்தக் கொழுந்தன் டிப்பேனே சொன்னதுதான் சரி.

முதலில் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து, விளக்கில் காட்டினான். அவள் தலை அவன் தோளுக்கு அருகே வந்தது. ஈரக் கூந்தலில் மழை வாசம்...

“என்ன தேடறீங்க?”

“மினுமினுன்னு உலோகத் தூள். இருந்தா உள்ள பேரிங் தேஞ்சிருக்கும்.”

“இருக்கா?”

“ஒரு பொட்டு இல்ல. நீங்க அணைச்சதால தப்பிச்சுது.”

அவள் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

புது ஃபில்டர் போட்டு, புது ஆயில் ஊற்றி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டான். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் கொண்ட ஒரு குழாயைப் பொருத்தினான். கேஸ்கெட் போயிருந்தால் புகை தண்ணீருக்குள் வரும். நீலம் மஞ்சளாகும். இரண்டு பேரும் குழாயையே பார்த்தார்கள். ஐந்து நிமிடம். அவள் கண் இமைக்கவில்லை. அவன் இரண்டு முறை குழாயை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

நீலம் நீலமாகவே இருந்தது.

எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, ரேடியேட்டருக்குள் கைப்பம்பால் காற்றழுத்தம் ஏற்றினான். பம்பிலிருந்த அழுத்தமானியின் முள் மெதுவாக இறங்கியது. வெளியே ஒரு சொட்டு இல்லை. மிச்சம் ஒரே இடம்... வாட்டர் பம்ப். அதில் கசிவைத் தடுக்கும் வளையங்களாக இரண்டு சீல் உண்டு. ஒன்று தண்ணீரைத் தடுக்கும், மற்றது ஆயிலை. நடுவே, அடிப்பக்கம், ஒரு சின்னத் துளை. தண்ணீர் சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகச் சொட்டி எச்சரிக்கும்.

லாக்லன் தரையில் படுத்தான். துளையைக் காணோம். சேற்றைச் சுரண்டினான். கறுப்பாக இறுகிய பசை. கம்பியால் நெம்பினான். மிளகு அளவில் ஒரு கட்டி விழுந்தது. பின்னாலேயே பச்சை நிற ரேடியேட்டர் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

யாரோ வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் செய்வதுதான். துளை வழியாக ஆற்றுத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும் என்று பயம். வெளியேற வழியில்லாத தண்ணீர் வேறு எங்கே போகும்? ஆயிலுக்குள்தான் வரும். பசைக்கு வயது சில வருடங்கள். இவள் ஓட்டக் கற்றுக்கொண்டதோ மூன்று மாதம் முன்பு.

குழந்தை மாதிரி வச்சிருந்தார்...

கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“பம்ப் சீல் தேஞ்சுபோச்சு. அவ்வளவுதான். வண்டி பிழைச்சுது.”

“நிஜமாவா?” உள்ளங்கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் கண்கள் மின்னின. “நிஜமா?”

வாசலில் பிக்கப் வந்து நின்றது. டிப்பேனே தலையில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான்.

“என்ன அண்ணி, ஏத்தலாமா?”

“ஒண்ணும் ஆகல. சீல்தான் தேஞ்சிருக்காம்.”

“தேயாம என்ன பண்ணும்? ஆத்துக்குள்ள அந்த முறுக்கு முறுக்கினா இரும்பே தேயும். அண்ணன் பத்து வருஷம் வச்சிருந்தான், ஒரு கோளாறு உண்டா? உங்க கைக்கு வந்து மூணே மாசம்.” லாக்லன் பக்கம் திரும்பினான். “நீயே சொல்லுப்பா. ஓட்டத் தெரியாதவங்க கையில எதுக்கு இது?”

ரிபேகா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இவ்வளவு நேரம் நிமிர்ந்திருந்த தலை தாழ்ந்தது.

லாக்லனுக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்ததை எடுத்து வேலை மேசையில் வைத்தான்.

“அவங்க ஓட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பம்புக்குக் கீழ இருக்கற துளைய யாரோ அடைச்சிருக்காங்க. அடைக்காம இருந்தா எப்பவோ தரையில சொட்டிக் காட்டியிருக்கும். ரொம்பப் பழைய பசை.”

டிப்பேனே குனிந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். தலையைச் சொறிந்தான்.

“இது... டராமகாவு ஆத்த ஒரு தடவ கடந்தோம் அண்ணி. தண்ணி உள்ள போயிடும்னு அண்ணன்தான் அடைச்சான். பசை ட்யூப நான்தான் பிடிச்சேன்.”

மழை தகரக் கூரையில் கொட்டியது. லாக்லன் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தான்.

ரிபேகா அந்தக் கட்டியை எடுத்தாள். விரல்களுக்கு நடுவே உருட்டினாள்.

“மடப்பய” என்றாள் மெதுவாக. “பவோரா, சரியான மடப்பயடா நீ.” தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

டிப்பேனேயும் அசட்டுத்தனமாகச் சிரித்தான். “மன்னிச்சுடுங்க அண்ணி. வண்டி உங்களதுதான். இனி வாய தொறக்க மாட்டேன்.”

“இந்த வாக்கு ஒரு நாள் தாங்குமா?”

“சாயந்திரம் வரைக்கும் தாங்கும்” என்று சொல்லிவிட்டு, பிக்கப்பில் காத்திருக்கப் போனான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க இத பையில போட்டத நான் பாத்தேன். ஏன் மறைச்சீங்க?”

“உங்க மனசு கஷ்டப்படும்னு...”

“ரெண்டு வருஷமா எல்லாரும் அவரப் பத்தி நல்லதே சொல்றாங்க. என்னால திட்டக்கூட முடியல. இன்னிக்குத்தான் அவர் மனுஷனா ஆனார்.” நீளமாக மூச்சு விட்டாள். “லேசா இருக்கு. சீல் எப்ப வரும்?”

“கிறைஸ்ட்சர்ச்ல இருந்து வரணும். நாலு நாள் ஆகும்.”

“சரி. வரேன்.”

வாசல் வரை போய்விட்டாள். மழை சற்று ஓய்ந்திருந்தது. லாக்லன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். இன்றைக்கு ஏற்கெனவே ஒன்றை மறைத்தாயிற்று...

“ரிபேகா.”

திரும்பினாள்.

“சீல் இங்கயே இருக்கு. அலமாரியில. ஒரு மணி நேர வேலை.”

“அப்புறம் எதுக்கு நாலு நாள்?”

“நீங்க திரும்ப வரணும்னுதான்.” தரையைப் பார்த்தே சொன்னான். “எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. வேற மாதிரி சொல்லத் தெரியல.”

நிமிர்ந்தான். அவள் கன்னம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பிக்கப்பைப் பார்த்து நின்றாள். பிறகு அவனைப் பார்த்தாள். நேராக... இந்த முறை கோபம் இல்லாமல்.

“நாலு நாளே இருக்கட்டும்” என்றாள். “வேலை எப்படிப் போகுதுன்னு தினமும் வந்து பாப்பேன்.”