மீளாப்பொறியிடம் கேட்ட சொல்

“தவறு” என்றது மீளாப்பொறி. மகனின் கடவுச்சொல்லை ஊகித்துச் சொல்ல செலஸ்தீனாளுக்கு அன்றைக்கு அனுமதித்த மூன்று முயற்சிகளும் முடிந்துவிட்டன.

“ஏ ரெஜினா, நீ செஞ்ச மிசினுதான? ஒனக்குக்கூடவா தொறக்காது?”

“தொறக்காது சித்தி. ஒங்க மவன் குடுத்த சொல்லு அதுகிட்ட இல்ல. அத அரச்சி மாவாக்கித்தான் வச்சிருக்கு. நீங்க சொல்றது சரியா தப்பான்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும்.”

நிலவுக்குச் சரக்கு கொண்டுபோகும் விண்கப்பல் மாலுமிகளும் அவர்கள் வீட்டாரும் எழுதிக்கொள்ளும் மடற்குழுவை ரெஜினா தூத்துக்குடியில் இருந்தபடி பராமரித்து வந்தாள். பழைய மென்பொருள் எல்லோருடைய கடவுச்சொல்லையும் அப்படியே வைத்திருந்தது. மாதாமாதம் மின்னஞ்சலில் நினைவூட்டவும் செய்தது. அந்தச் சொற்களைக் களவாடிய ஒருவன் மூன்று குடும்பங்களின் அந்தரங்கத்தை ஊர் சிரிக்கப் பரப்பினான். அதில் ஒரு பெண் உயிரை விட்டாள். அதன் பிறகுதான், கொடுத்த சொல்லை யாராலும் திரும்ப எடுக்க முடியாத மீளாப்பொறியை ரெஜினா உருவாக்கினாள்.

செலஸ்தீனாளின் மகன் கிளாட்வின் கப்பல் உடைந்து இறந்து ஆறு வாரமாகியிருந்தது. அம்மாவுக்கென்று எழுதி அனுப்பாமல் விட்ட பதினோரு கடிதங்கள் மடற்குழுவில் அவனுக்கிருந்த பெட்டியில் பூட்டிக் கிடந்தன. அவள் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அவனுக்குப் பிடித்த மீன், வளர்த்த நாய், அவன் விரும்பிய பெண் என்று தினமும் வந்து சொன்னாள். எல்லாமே தவறு.

“எம் புள்ளயப் பத்தி எனக்கு என்னதான் தெரிஞ்சிருக்கு?” என்று ஒருநாள் அழுதாள்.

மூன்று முயற்சி என்ற வரம்பை எடுத்துவிட்டால் சொல் சொல்லாக மாற்றிப் போட்டுப் பார்க்கும் ஊகப்பொறி ஒன்று எப்படியும் திறந்துவிடும். ஆனால் அதே வழியில் குழுவிலுள்ள எண்ணூறு வீட்டுப் பெட்டிகளையும் எவனும் திறக்கலாம். ரெஜினா இரண்டு முறை அந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்து, இரண்டு முறையும் அழித்தாள்.

பிறகு செலஸ்தீனாள் வருவதை நிறுத்திவிட்டாள். தேடிப் போன ரெஜினாவைப் பக்கத்து வீட்டு மெற்றில்டா உள்ளே கூப்பிட்டாள். அடுப்புக்கு மேலே, வாசலில் நிற்பவரும் படிக்கும்படி, மெற்றில்டாவின் மாலுமிக் கணவனின் கடவுச்சொல் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

“செலஸ்தீனா அக்காதான் வீடு வீடா வந்து, கப்பலேறுமுன்ன எழுதி வாங்கிக்கிடுங்கன்னு சொல்லிட்டுப் போனா. இப்ப தெருவுல எல்லா வீட்டுலயும் இருக்கு.”

கடவுச்சொல்லை எங்கும் எழுதிவைக்கக் கூடாது என்பது ரெஜினாவே போட்ட விதி. கிழித்துவிடச் சொல்ல வாயெடுத்தாள். பூட்டிக் கிடக்கும் பதினோரு கடிதங்கள் நினைவுக்கு வர, வாசல் பக்கம் திரும்பினாள்.

ரெஜினாவின் தம்பியும் அடுத்த வாரம் கப்பலேற இருந்தான். வீடு திரும்பியதும் அவனுக்கு எழுதினாள்: “போகுமுன் உன் சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடு.”