மூன்றாம் மாடி வாத்து

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் வகுப்பிலும் மாடிப்படியிலும் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் பல் துலக்கும்போது பேசத் தொடங்கினால் இரவு போர்வைக்குள்தான் நிற்கும். சில நாள் அப்போதும் நிற்காது.

வீட்டில் அப்பாவும் அவளும் மட்டும். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, மூக்கை அளந்து, பொருத்தமான கண்ணாடியை மாட்டிவிடுவார். அவர் ஒரு வாரத்தில் பேசுவதை ரேடியோ ஒரே மூச்சில் பேசிவிடுவாள்.

காது கொடுக்க ஆள் போதவில்லை. அதனால் ரேடியோ ஒரு வலைப்பூ தொடங்கினாள். 'மூன்றாம் மாடி ஜன்னல்' என்று பெயர். அப்பாவின் பழைய கணினியில், அப்பாவிடம் கேட்டுக்கொண்டு. எழுதுவது யார் என்று போடவில்லை, 'ஜன்னல்காரி' என்று மட்டும் போட்டாள். மாடிப்படிப் பூனை, மேல்வீட்டு மாமாவின் தும்மல், இரண்டாம் மாடி வந்ததும் தூங்கிவிடும் லிஃப்ட் என்று தோன்றியதையெல்லாம் எழுதினாள். அந்தத் தெருவுக்குக் குடிவந்து நாலே மாதம். அதற்குள் பாதித் தெரு அதைப் படித்தது.

அன்று அவள் எழுதியது ரொட்டியைப் பற்றி.

"மக்களே, நம் தெரு பேக்கரி ரொட்டி உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுவரில் ஆணி அடிக்க உதவும். எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ரம்பம் தேடுகிறோம். நேற்று ஒரு துண்டு கை தவறிக் கீழே விழுந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் ஓடிவந்து, ஏதாவது இடிந்து விழுந்ததா என்று கேட்டார்கள்."

அடுப்பில் தேநீர் கொதிப்பதற்குள் எழுதி முடித்தாள். கொதித்ததும் வெளியிட்டாள்.

அவ்வளவுதான். யார் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் அதைத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மேல்வீட்டு மாமா, "நீங்க சொன்ன பிறகு மென்னு பார்த்தேன். ஆமா, கொஞ்சம் கட்டியாத்தான் இருக்கு" என்று எழுதினார்.

அப்பாவும் படித்தார். "ம்" என்றார்.

"அப்பா, அந்த ரொட்டி கல்லு மாதிரி இல்ல?"

"எனக்கு ரொட்டி மாதிரிதான் இருந்துச்சு" என்றார் அப்பா.

மறுநாள் வகுப்பில் கட்டுரை டீச்சர் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். ரேடியோவின் நோட்டில் சிவப்பு மை, அம்மை போட்டதுபோல் இருந்தது.

"மரங்களின் பயன்கள். இதுதானே தலைப்பு?"

"ஆமா டீச்சர்."

"'ஹாய் மக்களே, மரத்தில இருந்து விழுந்திருக்கீங்களா, நான் விழுந்திருக்கேன்.' இது என்ன?"

"தொடக்கம் டீச்சர்."

"முன்னுரை எங்க?"

"படிக்கிறவங்களுக்கு அலுப்பா இருக்கும்னு நேரா விஷயத்துக்கு வந்துட்டேன்."

"முடிவுரை?"

"அதைக் கமெண்ட்ல பேசிக்கலாம்னு விட்டுட்டேன் டீச்சர்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பு வந்தால் அவர் அப்படித்தான் துடைப்பார்.

"வலைப்பூ எழுதறியா? சரி. வலைப்பூவும் கட்டுரையும், ரெண்டையும் ஒப்பிட்டு திங்கட்கிழமைக்குள்ள ஒரு கட்டுரை எழுதிட்டு வா. ஞாபகம் வச்சுக்க. கட்டுரையில ஒண்ணு சொன்னா, அது உனக்கு எப்படித் தெரியும்னும் சொல்லணும்."

ரேடியோ வழியெல்லாம் மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தாள். 'வலைப்பூ சைக்கிள் மாதிரி. கட்டுரை பீரோ மாதிரி. பீரோவில் ஏறி எங்கேயும் போக முடியாது.'

பேக்கரி வாசலில் அவள் கால் நின்றது.

மாலை நாலு மணிக்கு அங்கே வரிசை தெருவரை நிற்கும். இன்று கடையில் ஈ கூட இல்லை. அலமாரி நிறைய ரொட்டி அடுக்கி இருந்தது. பேக்கரி அக்கா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கையில் மாவு, அதனால் கன்னத்திலும் மாவு.

"வாம்மா. என்ன வேணும்?"

"சும்மா பார்த்தேன் அக்கா. ஏன் யாருமே இல்ல?"

"அதை ஏன் கேக்கறே. யாரோ கம்ப்யூட்டர்ல எழுதி வச்சுட்டாங்களாம், என் ரொட்டியில ஆணி அடிக்கலாம்னு. நேத்து வரைக்கும் நல்லா இருக்குன்னு தின்னவங்க எல்லாம் இன்னைக்குப் பல்லு வலிக்குதுங்கறாங்க. இப்படியே போனா நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமையோட கடையை மூட வேண்டியதுதான். கடை திறந்து ஆறு மாசம் ஆகல."

ரேடியோ வாயடைத்து நின்றதை யாராவது பார்த்திருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"இந்தா. வாங்கறதுக்குத்தான் ஆள் இல்ல. நீயாவது தின்னு." அக்கா ஒரு பன்னை நீட்டினார்.

ரேடியோ கடித்தாள். பல் பட்ட இடம் தெரியவில்லை. பஞ்சு மேகத்தைக் கடித்ததுபோல் இருந்தது.

"அக்கா, இது மெத்துன்னு இருக்கே."

"பின்ன எப்படி இருக்கும்?"

'எழுதினது நான்தான்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. பன்னோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டு ரேடியோ வீட்டுக்கு ஓடினாள்.

முதல் வேலையாக ரொட்டிப் பதிவை அழித்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். அரை மணி நேரத்தில் கமெண்ட் வந்தது.

"ரொட்டிப் பதிவைக் காணோமே. கடைக்காரங்க மிரட்டினாங்களா?"

"அப்போ ரொட்டியில வேற ஏதோ பெரிய விஷயம் இருக்கு."

அழித்தால் அணையும் என்று பார்த்தால், இன்னும் புகைந்தது.

சரி, டீச்சர் சொன்ன வழியில் போவோம் என்று ரேடியோ நினைத்தாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழுதினாள்.

"முன்னுரை. மனித வாழ்வுக்கு உணவு இன்றியமையாதது ஆகும். உணவு வகைகளுள் ரொட்டி சிறப்பிடம் பெறுகிறது. ரொட்டியின் வரலாறு மிகவும் பழமையானது ஆகும்…" இப்படியே நாலு உட்தலைப்பு. கடைசியில், முடிவுரையில்தான் 'நம் தெரு ரொட்டி மென்மையானது' என்று இருந்தது.

முடிவுரை வரை யாரும் வரவில்லை.

"ஜன்னல்காரிக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒருவர் கேட்டார். "கணக்கை எவனோ திருடிட்டான்" என்றார் இன்னொருவர். மேல்வீட்டு மாமா மட்டும், "இதைப் படித்தேன். நாலு நாளா வராத தூக்கம் வந்தது. நன்றி" என்று எழுதினார்.

ரேடியோ கணினியை மூடிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் எழுதியதை எல்லோரும் படித்தார்கள், அது உண்மையில்லை. இரண்டாவது உண்மை, அதை யாரும் படிக்கவில்லை.

ஆனால் முதலில் எழுதியதும் பொய் இல்லையே. வீட்டு ரொட்டி கல்தானே? சமையலறைக்குப் போய் மேசையில் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்றது. கடைப் பன் பஞ்சு. வீட்டு ரொட்டி செங்கல். இரண்டும் ஒரே கடை. எப்படி?

எப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்டாரே. எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

"அப்பா, ரொட்டியைக் கடையில எங்க இருந்து எடுப்பீங்க?"

"கதவுக்கிட்ட கூடை இருக்கு."

"ஏன் அந்தக் கூடை?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அங்க வரிசை கிடையாது. பக்கத்துல ஒரு டப்பா இருக்கும். காசைப் போட்டுட்டு வந்துடலாம். யார்கிட்டயும் பேச வேண்டாம்."

"நாளைக்கு நானும் வரேன்."

சனிக்கிழமை இருவரும் போனார்கள். அப்பா நேராகக் கதவோரக் கூடைக்குப் போய், பார்க்காமலே கையை விட்டு ஒரு ரொட்டியை எடுத்தார். கூடைக்கு மேலே சின்னதாக ஒரு அட்டை தொங்கியது. ரேடியோ எக்கிப் படித்தாள்.

'பழைய ரொட்டி. குளத்துப் பறவைகளுக்கு.'

"அப்பா."

"ம்."

"இதைப் படிச்சீங்களா?"

அப்பா குனிந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். தெருவுக்கெல்லாம் எழுத்தைத் தெளிவாகக் காட்டுகிற அப்பா, அந்த அட்டையை முதல் தடவையாகப் படித்தார்.

அதற்குள் உள்ளே இருந்து பேக்கரி அக்காவின் குரல் வந்தது. "வாங்க சார். வாத்து சௌக்கியமா?"

"எந்த வாத்து?" என்றார் அப்பா.

"உங்க வீட்டு வாத்துதான். தினமும் ரொட்டி வாங்கிட்டுப் போறீங்களே. அன்னைக்கு நான்கூடக் கேட்டேனே, வீட்டுல எத்தனைன்னு. ஒண்ணுன்னீங்க. சின்னதான்னேன். ஆமான்னீங்க. ரொம்ப சத்தம் போடுமான்னேன். நாள் முழுக்கன்னீங்க."

அப்பா ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ அப்பாவைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் ரேடியோ, "அந்த வாத்து நான்தான்."

பேக்கரி அக்காவின் வாய் திறந்தது. மூடவில்லை.

"நாலு மாசமா இந்த ரொட்டியை நீங்க தின்னீங்களா?"

"ரம்பம் வச்சு" என்றாள் ரேடியோ. பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "கம்ப்யூட்டர்ல எழுதினதும் நான்தான் அக்கா. எங்க வீட்டு ரொட்டியைத் தின்னுட்டு உங்க ரொட்டியே இப்படித்தான்னு எழுதிட்டேன். கடைக்கு வந்து பார்க்கல. யாரையும் கேக்கல. தேநீர் கொதிக்கிறதுக்குள்ள எழுதிட்டேன்."

அக்கா ஒரு கட்டி மாவை எடுத்தார். பலகையில் பொத்தென்று அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். மாவு ரொம்ப நேரம் அடி வாங்கியது.

"நீதான் அந்த ஆணியா?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"நேத்து என் பன்னையும் தின்னுட்டுப் பேசாம போனே."

"ஆமா." ரேடியோவுக்குக் கண் கலங்கியது. "நான் சரி பண்றேன் அக்கா. உங்களை நாலு கேள்வி கேக்கலாமா? அப்புறம் எழுதறேன்."

"மறுபடியும் எழுதப்போறியா?" அக்கா மாவைப் பாவமாகப் பார்த்தார். "சரி கேளு. இதுக்கு மேல கெட்டுப்போக ஒண்ணும் இல்ல."

ரேடியோ கேட்டாள். நாலு கேள்வி நாற்பது ஆனது. மாவு எப்போது பிசைவது, அடுப்பு எப்போது மூட்டுவது, விற்காத ரொட்டி எப்போது கூடைக்குப் போவது. புது ரொட்டியையும் கூடை ரொட்டியையும் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தாள், வெட்டிப் பார்த்தாள், கடித்தும் பார்த்தாள். பல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அது கூடை ரொட்டியில் தங்கிவிட்டது.

"இதையும் எழுதிக்கோ" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் ரேடியோ உடனே எழுதவில்லை. அப்பாவின் எதிரே போய் நின்றாள்.

"அப்பா, உண்மையை எழுதினா உங்களைப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்க."

அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"எழுது."

"வாத்துக்காரர்னு கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும்." அவர் உதடு ஒரு பக்கமாக நகர்ந்தது. "நாள் முழுக்கன்னு சொன்னது உண்மைதானே."

அப்பாவின் உதடு அப்படி நகர்ந்து வெகு நாளாகியிருந்தது. ரேடியோ அதை எழுதவில்லை. அது வலைப்பூவுக்கு இல்லை.

பதிவின் தலைப்பு, 'நாலு மாதம் நாங்கள் வாத்தாக இருந்தோம்.' அழித்த பழைய பதிவை மறுபடி முதலில் போட்டாள். அதன் கீழே, எது தப்பு, ஏன் தப்பு, அது தனக்கு எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். ரம்பம் வந்தது, அட்டை வந்தது, வாத்து வந்தது, விழுந்த பல்லின் படமும் வந்தது. தேநீர் கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது. அவள் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்கரி வரிசை தெருமுனை வரை நின்றது. பாதிப் பேர் ரொட்டி வாங்க வந்தார்கள். பாதிப் பேர் கூடையைப் பார்க்க வந்தார்கள். அவர்களும் வெறும் கையோடு போகவில்லை. மேல்வீட்டு மாமா இரண்டு ரொட்டி வாங்கி, "நான் மெத்துன்னு இருக்குன்னு அப்பவே சொன்னேன்" என்றார்.

அப்பாவும் வரிசையில் நின்றார். எல்லோரும் அவரிடம் பேசினார்கள். அவரும் பதிலுக்கு ஏழெட்டு வார்த்தை பேசினார். பிறகு பையிலிருந்து ஒரு பெரிய அட்டையை எடுத்துக் கூடைக்கு மேலே மாட்டினார். கண் பரிசோதனைக்குத் தொங்கவிடுவதுபோல், மேல்வரி பெரிதாக, கீழே வரவர எழுத்து சிறிதாக. முதல் வரியில் 'பழைய ரொட்டி'. இரண்டாவதில் 'பறவைகளுக்கு மட்டும்'. கடைசி வரியை மூக்கு முட்டும்படி நின்றுதான் படிக்க முடிந்தது: 'மூன்றாம் மாடி வாத்துக்கு இல்லை.'

திங்கட்கிழமை கட்டுரை டீச்சர் ரேடியோவின் நோட்டைத் திறந்தார்.

"வலைப்பூ, கதவைத் தட்டாமல் ஓடிவரும் பிள்ளை. கட்டுரை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு 'உள்ளே வரலாமா?' என்று கேட்கும் விருந்தாளி. ஓடிவரும் பிள்ளையை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது எதை மிதித்துவிட்டு வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. விருந்தாளியின் கால் சுத்தமாக இருக்கும். ஆனால் அவர் பேசத் தொடங்கும்போது வீட்டுக்காரர் தூங்கிவிடக் கூடாது. கட்டுரையை நோட்டில் கொடுத்த பிறகு திருத்த முடியாது. அதனால் அது முன்னாலேயே யோசிக்கிறது. வலைப்பூவைப் பிறகும் திருத்தலாம். அதனால் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால்…"

டீச்சர் படித்துக்கொண்டே போனார். வாத்து வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல் வந்த இடத்தில் மறுபடி துடைத்தார்.

"முன்னுரை இருக்கு. காரணம் இருக்கு. சான்று இருக்கு." பக்கத்தைத் திருப்பினார். "முடிவுரையைக் காணோமே?"

"கொண்டுவந்திருக்கேன் டீச்சர்." ரேடியோ பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இன்னைக்குக் காலையில சுட்டது."

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். சந்தேகத்தோடு சிவப்புப் பேனாவால் பன்னை ஒரு குத்து குத்தினார்.

பேனா மூடிவரை உள்ளே போய்விட்டது.