மூன்றாம் மாடியோடு சரி

ஐந்து நிமிடத்துக்கு முன் மூன்றாம் மாடிப் படிக்கட்டுக் கம்பியில் அவன் மாட்டிவிட்டுப் போன சாப்பாட்டுப் பை அங்கே இல்லை.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் அவனைச் சமையற்கூடத்தில் மின்னல் என்று கூப்பிடுவார்கள். வேகத்துக்கு வைத்த பெயரல்ல, கிண்டலுக்கு வைத்தது. நட்டநடுப்பகலில் அந்தக் கட்டடம் மூச்சடங்கிக் கிடந்தது. பாதி வீடுகள் பூட்டியிருந்தன, லிஃப்டை நிறுத்தி வாரமாகிறது, படிகளில் தெளித்த பினாயில் வாடை காய்ந்து சுவரில் ஏறியிருந்தது. தலைக்கு மேலே பிளாஸ்டிக் பை சரசரத்து அடங்கியது.

"ஏறிட்டீங்களாண்ணா?" காதில் மாட்டியிருந்த போனில் அந்தப் பெண். நான்காம் மாடியில் நோயோடு தனியாக அடைபட்டிருக்கும் அப்பாவுக்கு வெளிநாட்டிலிருந்து சாப்பாடு சொல்லி அனுப்புகிறவள்.

"ஏறிக்கிட்டே இருக்கேம்மா."

"ஒரு வாரமா அப்பா போன் எடுக்கல. எங்கூட சண்டை போட்டா அப்படித்தான் முறுக்கிக்குவார். சாப்பாட்ட எடுத்துக்கறாரேன்னு விட்டுட்டேன். ஆனா நீங்க அனுப்புற போட்டோ எல்லாத்துலயும் வாசல் மிதியடி ஒரே மாதிரி மடங்கிக் கெடக்கு. அதான் மனசு கேக்காம உங்கள மறுபடி ஏறிப் பாக்கச் சொன்னேன்."



கம்பெனி சொல்லியிருந்தது: கதவுப் பிடியில் பையை மாட்டு, படம் எடு, மணியடி, ஆறடி தள்ளி நில். முதல் நாள் அப்படியே செய்தான். கதவுக்கு அந்தப்பக்கம் குடலே பிடுங்கி வருவதுபோல் ஓர் இருமல் கேட்டது. அவன் வீட்டிலோ பிறந்து இருபது நாளே ஆன பிள்ளை. மறுநாளிலிருந்து மூன்றாம் மாடியோடு நின்றுகொண்டான். பையைக் கம்பியில் மாட்டுவான், பெரியவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான், முதல் நாள் படத்தையே திரும்ப ஏற்றிவிடுவான். அடுத்த நாள் வந்தால் பை இருக்காது. மனுஷன் இறங்கி வந்து எடுத்துக்கொள்கிறார், கால் திடமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தான். இன்றோடு ஆறு தடவை.

இவளிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

ஏறினான்.

வாடை முதலில் வந்தது. ஊசிப்போன சோறு. அதற்கு அடியில் இன்னொன்று, தித்திப்பாக, மாஸ்க்கைத் தாண்டித் தொண்டையில் ஒட்டியது.

கதவுப் பிடியில் ஏழு பைகள்.

அவன் போடும் இரட்டை முடிச்சு ஒன்றில்கூட அவிழவில்லை. அடியில் இருந்தவற்றின் டப்பாக்கள் உப்பியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததைத் தொட்டான்.

சூடு ஆறவில்லை.

"அம்மா… இந்தக் கதவு…"

"ஒரு நிமிஷம்ணா! இன்னொரு லைன்ல அப்பா கூப்பிடறார்!"

போன் மௌனமானது. அவன் கதவையே பார்த்தான். உள்ளே பேச்சுக்குரல் இல்லை. இருமல் இல்லை. ஈ மட்டும், சாவித் துளையில் நுழைந்து நுழைந்து வந்தது.

"நல்லா இருக்காராம்ணா!" அவள் அழுகையும் சிரிப்புமாகத் திரும்பி வந்தாள். "தொண்டைதான் கட்டியிருக்கு. உங்கமேலதான் செம கோபம்."

"என்… என்னவாம்மா?"

"தெனமும் கீழ எறங்கி, தூக்கிட்டு வந்து மாட்டி மாட்டி கால் விட்டுப்போச்சாம். இன்னும் ஒரு மாடி ஏறினா தேஞ்சா போயிடுவான்னு கேக்கறார். என்னண்ணா உளர்றார்? நீங்க வாசல்லதானே வெச்சீங்க?"

பையிலிருந்து கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணா? இன்னிக்கு உள்ள வந்து கையில குடுத்தாத்தான் சாப்பிடுவாராம். கொஞ்சம் குடுத்துடுங்கண்ணா. எனக்காக."

பின்வாங்கினான். ஆறடி இல்லை. முதுகில் சுவர்.

கதவுப் பிடி இறங்கியது. மெதுவாக. ஒரு பை வழுக்கி விழுந்தது. இன்னொன்று. பிறகு எல்லாமே.

கதவு நான்கு விரல் அளவு திறந்தது. அந்த இடுக்கிலிருந்து, தரையோடு தரையாக ஒரு கை வெளியே வந்து, மடங்கிக் கிடந்த மிதியடியை அவனுக்காக நீவிவிட்டது.