மண்குழாயின் மறுமுனை

நாற்றம் இல்லை. குளியலறைத் தரையைத் தோண்டி, தலைமுறைகளாகக் கழிவு ஓடிய மண்குழாயை அறுத்து வாயைத் திறந்தபோது குழாய்க்காரன் வழக்கம்போல் மூச்சை அடக்கிக்கொண்டான். பிறகு விட்டான். மறுபடி இழுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான காற்று மட்டும், விட்டு விட்டு, முகத்தில் பட்டது.

வீட்டுக்காரர்கள் வேலை முடியும்வரை சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மேகம் மூடிய பிற்பகல். விளக்குப் போடாத கூடத்தில், தூசிக்காகத் துணி போர்த்திய நாற்காலிகள், யாரோ உட்கார்ந்து பேச்சை நிறுத்திவிட்டு இவனைக் கவனிப்பதுபோலத் தெரிந்தன. அந்தப் பக்கம் முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து வேலை செய்தான். இரண்டு முறை எழுந்துபோய்க் கைகழுவினான். கையில் அழுக்கில்லை.

மனைவியின் தம்பி வெளியே, பழைய குழாய் போய்ச் சேரும் தெருவோரக் கழிவுத் தொட்டியருகே இருந்தான். ஒரே தம்பி. காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கும்போது மனைவி சொன்னது ஒன்றுதான்: "அவன குழிக்குள்ள மட்டும் இறக்கிடாதீங்க." சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்திருந்தான். அதனால்தான் மைத்துனனுக்கு வெளிவேலை. தொட்டி முழங்கால் ஆழம்தான். இறங்கவே வேண்டாம், படுத்துக்கொண்டு கையை விட்டால் போதும்.

புதுக்குழாயைப் பக்கத்திலேயே பதித்தாயிற்று. பழையதைத் தோண்டி எடுப்பதில்லை. மண்ணுக்குள்ளேயே விட்டு, இரு முனையையும் சிமெண்டால் அடைத்துவிடுவார்கள். முதலில் தெருமுனை. அதை அடைத்ததும் மைத்துனன் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவான். அதைக் கேட்டபிறகே வீட்டுமுனை. கூப்பிட்டால் குரல் கேட்காத நீள வீடுகளில் இருவரும் பழகிக்கொண்ட முறை.

இரண்டு தட்டு வந்தது.

குழாய்க்காரன் சாக்கைச் சுருட்டி உள்ளே திணித்தான். கலவையை அள்ளி அப்பி, கரண்டியால் வழித்தான். காற்று நின்றது. நின்றபிறகுதான், அதுவரை அது எவ்வளவு சீராக வந்துபோய்க்கொண்டிருந்தது என்று உறைத்தது.

கரண்டியைக் கழுவும்போது மறுபடி தட்டு. இரண்டு. சற்றுப் பொறுத்து, இன்னும் இரண்டு. மெதுவாக. பக்கத்தில்.

விளையாடுகிறான். போய் நாலு திட்டுத் திட்ட வேண்டும். அப்படிச் சொல்லிக்கொண்டே கூடத்தைத் தாண்டி, ஓடாமல், ஆனால் வேகமாக வெளியே வந்தான்.

மைத்துனன் தொட்டியருகே குந்தியிருந்தான். சட்டியில் கலவை கரண்டி படாமல் இருந்தது.

"எத்தன தடவடா தட்டுவ?"

"நானா? நான் இன்னும் அடைக்கவே இல்ல மாமா." சிரித்தான். "எங்க அக்காவா இருக்கும். நீங்க ஒழுங்கா வேல செய்யறீங்களான்னு பாக்க அங்கயும் வந்துட்டா போல."

குழாய்க்காரன் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மைத்துனன் குப்புறப் படுத்து, சுருட்டிய சாக்கோடு கையைப் பழைய குழாய்க்குள் விட்டுவிட்டான். முழங்கைவரை.

"கைய எடு."

"இருங்க மாமா, சாக்கு தானா உள்ள போகுது..."

பேச்சு பாதியில் நின்றது.

"எடுடா."

எடுக்கவில்லை. குழாய்க்காரன் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். காலை ஊன்றி இழுத்தான். அசையவில்லை. தொட்டிக்குள் யாருமில்லை. குழாய் ஒரு சாண் அகலம்.

"விடுங்க மாமா." குரல் தணிந்திருந்தது, தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேசுபவனைப் போல. "என் கைமேல யாரோ தலய வச்சுத் தூங்கறாங்க. எழுப்பிடாதீங்க."

தோள் உள்ளே போனது.

தோள் போகாது. ஒரு சாண். போனது. எலும்பு நொறுங்கும் சத்தமில்லை. குழாயில் விரிசலில்லை. இழுத்தான். மனைவியின் பெயரைச் சொன்னான். இழுத்தான்.

குழாயின் வாயோரம் மைத்துனனின் முகம் மட்டும் இவன் பக்கம் திரும்பியிருந்தது. கன்னம் ஈரமண்ணில் அழுந்த, கண்கள் தூக்கத்தில் மெல்லச் செருகிக்கொண்டிருந்தன.