யாருக்கும் ஆயுள் போதாத பூட்டு

பீரோவுக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் சூடாக இருந்தது.

மழைக்குளிருக்குப் போர்வை எடுக்கத்தான் ரெக்சன் கையை விட்டான். துணிகளுக்கு அடியில் பழைய துண்டில் சுற்றி, எந்த வயரிலும் மாட்டாமல் நான்கு வருடமாகக் கிடக்கிற பெட்டி அது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. விரலை மோந்து பார்த்தான். உப்பும் டீசலும்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். மனைவி அபிஷா மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். மத்தியானத்திலிருந்து விடாத மழை. ஓட்டுக்கூரையில் விழுந்து, சன்ஷேடில் தெறித்து, வாளியில் சொட்டி ஒரே ஓசையாகக் கலந்திருந்த அந்த இரைச்சலுக்கு அடியில், நாலைந்து ஆண்கள் சேர்ந்து செபமாலை சொல்வதுபோல் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பக்கத்து வீடு நாறும்பூநாதன் சாருடையது. அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். அங்கே செபமாலைக்கு வழியில்லை.

பெட்டிக்குள் ஒரே ஒரு ஒலிப்பதிவு இருந்தது. கடற்கரையில் ஒரு கம்பெனியின் வயர்லெஸ் அறையில் அவன் வேலை பார்த்த காலத்தது. அது பதிவான அன்று சாயங்காலம் காற்று திரும்பிவிட்டது. அபிஷாவின் அண்ணன் அம்புரோஸ் வள்ளத்திலிருந்து கூப்பிட்டார். தண்ணீர் ஏறுகிறது, ஆள் அனுப்பு என்றார். முந்தின ஞாயிறுதான் கோயில் வாசலில் ஊரே பார்க்க, "கடத்தண்ணி காலுல பட்டா எங்க மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்" என்று சிரித்திருந்தார். ரெக்சன் ஒலியைக் குறைத்தான். "கொஞ்சம் கெஞ்சட்டும்" என்று வாய்விட்டே சொன்னான். ஒரு டீ குடிக்கிற நேரம். மறுபடி கூட்டியபோது இரைச்சல் மட்டும் வந்தது. அறையில் பேசுவதையும் சேர்த்துப் பதிகிற கருவி அது.

பதிவு பழுதாகிவிட்டது என்று விசாரணையில் சொன்னான். வள்ளத்தில் போன யாருடைய உடலும் கிடைக்கவில்லை. அம்புரோஸின் சட்டையைச் சவப்பெட்டியில் வைத்துப் புன்னக்காயலில் புதைத்தார்கள். சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன் ரெக்சன். அதில் கனமே இல்லை. அன்றிரவு பதிவை அழிக்க உட்கார்ந்தான். முடியவில்லை. உடம்பில்லாத மனிதனிடம் மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அதையும் அழித்தால் மறுபடி கொல்வதுபோல.

அதனால் யாரும் கேட்க முடியாதபடி குறியாக்கம் செய்து பூட்டினான். எழுத்தும் எண்ணுமாக நீளும் சாவியை இயந்திரமே உருவாக்கியது. அவன் அதைப் பார்க்கவும் இல்லை, எங்கும் வைத்துக்கொள்ளவும் இல்லை.

இப்போது பாளையங்கோட்டையில் தகவல் பாதுகாப்பு வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவன்தான் வகுப்பெடுப்பான். ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தால் எந்தப் பூட்டும் ஒருநாள் திறக்கும். அதற்குள் சூரியன் அணைந்துவிடும். அந்தத் தாமதத்தைத்தான் நாம் பாதுகாப்பு என்கிறோம் என்பான். அவன் நிம்மதியாகத் தூங்கியது அந்தக் கணக்கை நம்பித்தான்.

பீரோவில் காதை வைத்தான்.

"எஃப், ஏழு, சைபர், டி, மூணு…"

செபம் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை. முடிந்ததும் செபமாலையில் ஒரு மணி நகர்கிற அளவு இடைவெளி. பிறகு அதே வரிசை. கடைசி எழுத்து மட்டும் வேறு.

கூட வேலை பார்க்கிற இர்ஷாதுக்குப் போன் போட்டான்.

"நம்ம பூட்டை ஒவ்வொரு சாவியா போட்டு உடைக்க முடியுமாவே?"

"லீவு நாளுல கேக்குத கேள்வியாலே இது? வீட்டுல சண்டையா?"

"சொல்லுவே."

"உலகத்துல இருக்க கம்ப்யூட்டரு பூராத்தையும் சேத்தாலும் நடக்காது. குவாண்டம் கம்ப்யூட்டரு வந்தாலும் இதை அசைக்க முடியாதுங்காவ. உக்காந்து எண்ணுதவனுக்கு ஆயுசு பத்தாதுவே."

"ஆயுசு முடிஞ்சவன் எண்ணுனா?"

இர்ஷாத் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"ரெக்சா, உன் வீட்டுல யாரு இத்தனை பேரு செபம் சொல்லுதாவ?"

போனை வைத்தான். நடுவில் ஒலித்த குரல் அம்புரோஸுடையது. ஆனால் படித்துறைக் கல்போல் தேய்ந்திருந்தது. நான்கு வருடத்தில் ஒரு குரல் அப்படித் தேயாது. அவர்கள் எண்ணுகிற இடத்தில் எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?

துண்டோடு பெட்டியை எடுத்துப் பைக்கில் வைத்தான். கொக்கிரகுளம் பாலத்தில் வண்டிகள் விளக்கைப் போட்டு ஊர்ந்துகொண்டிருந்தன. தாமிரபரணி செம்மண் நிறத்தில் கரை முட்டிப் போனது. வீசினான். விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கை காலியான பிறகுதான் உறைத்தது.

அவன் புன்னக்காயலில் பிறந்தவன். சின்ன வயதில் மழைக்காலம் முழுக்க ஆறு கடலில் சேருமிடத்தில் நின்றவன். பாபநாசத்தில் விட்ட மாலைகள் வரும். சேரன்மகாதேவி வாழைத்தார் வரும். செத்த ஆடு வரும். ஆற்றில் போட்டதெல்லாம் அங்கேதான் போகும்.

கடலில் கிடக்கிறவர்களிடம் அவனே அனுப்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. மழை விட்டிருந்தது. அபிஷாவின் செருப்பு வாசலில் கிடந்தது. பீரோ திறந்தபடி இருந்தது. காதைக் கொடுத்தான். முணுமுணுப்பு இல்லை.

நின்றுவிட்டது.

எண்ணுகிறவர்கள் எப்போது நிறுத்துவார்கள்?

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம். அபிஷா குழாயடியில் நின்றிருந்தாள். குடம் நிறைந்து வழிந்தது. தரையெல்லாம் தண்ணீர். அவள் அசையவில்லை. தண்ணீர் அவன் பாதத்தைத் தொட்டது. கடலின் வெதுவெதுப்பு.

குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. தேயாத குரல். அன்றைக்கு இருந்ததுபோலவே.

"மாப்ளே. கேக்குதா? தண்ணி ஏறுது. மாப்ளே."

இரைச்சல். பிறகு இன்னொரு குரல். அவனுடையது.

"கொஞ்சம் கெஞ்சட்டும்."

அபிஷா குழாயை மூடினாள். திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணன் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

இல்லை. அதைத்தான் சொல்ல வந்தான். வாயைத் திறந்தான்.

"சைபர்."

பல்லைக் கடித்தான். பல் திறந்துகொண்டது.

"சைபர். சைபர். சைபர்."

நிறுத்த முடியவில்லை. சைபர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றோடும் வாயோரத்தில் உப்புத்தண்ணீர் கசிந்தது. முதல் சாவியின் வரிசை முடிந்தது. ஒரு மணி நகர்கிற அளவு மூச்சு கிடைத்தது. அந்த மூச்சில் அவளைக் கூப்பிடப் பார்த்தான். நாக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதே வரிசை. அதே சைபர்கள். கடைசியில் மட்டும் வேறு.

"ஒண்ணு."

அபிஷா ஒரு நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டாள். தண்ணீரில் காலை ஊன்றி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "நான் இருக்கேன்."